ஏதென்ஸ் நகரத்துத் தெய்வமும் குடிமக்களும்

சோக்கிரட்டீஸ் என்னும் கிரேக்க ஞானி நஞ்சருந்தி மாண்டதைப் பலரும் அறிவர். கி.மு. 399ஆம் ஆண்டில் அவர்மீது சுமத்தப்பட்ட குற்றங்களுள் ஒன்று, நகரம் ஏற்றுக்கொண்ட தெய்வங்களை அவர் ஏற்கவில்லை என்பதாகும். ஒருவரின் வழிபாடு எங்ஙனம் நகரத்திற்கெதிரான குற்றமாகும் என அன்பர்கள் வினவக்கூடும். ஏதென்ஸிலே மதம் வேறு, குடியுரிமை வேறு என்ற பிரிவினை இருக்கவில்லை.

அரிஸ்டோட்டிலின் பெயரால் வழங்கும் ‘ஏதென்ஸின் அரசியலமைப்பு’ என்ற நூல் (எகிப்தில் கிடைத்த ஏட்டிலிருந்து 1891இல் அச்சேறியது) இதற்கு நல்ல சான்று தருகின்றது. ஆர்க்கன் எனப்பட்ட ஒன்பது உயர் பதவியாளர்களும் பதவியேற்குமுன் விசாரிக்கப்பட்டனர். உன் தந்தை யார், எந்த ஊர்ப்பிரிவு? தாய் யார், அவள் தந்தை யார்? குலத்து அப்பொல்லோவும் முற்றத்துச் சீயஸும் உனக்கு உண்டா, அவ்வழிபாட்டிடங்கள் எங்கே? குடும்பச் சமாதிகள் எங்கே? பெற்றோரைப் பேணுகின்றாயா? வரி செலுத்துகின்றாயா? படைச்சேவை புரிந்தாயா? இவற்றுக்குச் சாட்சிகளும் அழைக்கப்பட்டனர். அலுவலகத்தில் எத்தனையோ விண்ணப்பப் படிவங்களைச் சரிபார்த்த எனக்கு, வீட்டுத் தெய்வத்தின் இருப்பிடம் கேட்கும் படிவம் புதுமையாகவே பட்டது.

கோயிற் சொத்தும் நகரத்தின் பொறுப்பே. அதீனா தேவியின் திரவியத்தைக் காக்கப் பத்துக் குலப்பிரிவுகளிலிருந்தும் பிரிவுக்கொருவராகப் பத்துப் பொருளாளர் சீட்டு முறையில் தெரிவாகினர். ஆலோசனைச் சபையின் முன்னிலையில் அவர்கள் சொத்துக்களைப் பாரமெடுத்தனர். வெள்ளிக் கிண்ணங்கள் நிறையுடன் பட்டியலிடப்பட்டு, அப்பட்டியல் கல்லிலே வெட்டப்பட்டது. ஆலய பரிபாலனத்தில் உள்ளவர்கள் இதன் அருமையை உணர்வர். தேவியின் சிலையில் கழற்றக்கூடியதாக 40 தாலந்து பொன் இருந்தது. ஏறக்குறைய ஆயிரம் கிலோ. கி.மு. 431இல் போர் மூண்டபோது, தேவையேற்படின் அதனையும் எடுக்கலாம், ஆயின் குறையாது திருப்பி வைக்கவேண்டும் என்றார் பெரிக்கிளிஸ்.

தேவிக்குப் புதிய ஆடை கொண்டுசெல்லும் பனதெனாயா விழா ஊர்வலத்தில், நகரில் குடியேறி வாழ்ந்த வெளியூராருக்கும் இடமிருந்தது. வரி செலுத்தியும் போரிட்டும் வாழ்ந்தவர்களாயினும் அவர்கள் பதவி வகிக்க இயலாது. கி.மு. 451இன் சட்டப்படி தாய், தந்தை இருவரும் ஏதென்ஸ் குடிகளாயிருந்தாலன்றிப் பிள்ளைக்குக் குடியுரிமை இல்லை. ஊர்வலத்தில் அவர்களுக்கென ஒதுக்கப்பட்ட பணி படையற் தட்டுகளைச் சுமப்பதாகும். தட்டேந்தி வருபவரைக் கண்டவுடனேயே, அவர் நகரத்துக் குடியல்லர் என்பதை வீதியில் நின்றோர் அறிந்துகொண்டனர்.