சிறு அட்டையில் தமிழுக்கு இடமுண்டா?

‘திருக்கழுக்குன்றம்’ என்று நம் ஊர்ப்பெயரை எழுதி எண்ணுவோம். இலக்கணப்படி 10 எழுத்து. கைப்பேசியோ 18 என்று கணக்கிடும். புள்ளியையும் துணைக்குறியையும் அது தனித்தனிக் குறிகளாகக் கொள்வதே காரணம். தமிழ்க்குறி ஒன்றுக்கு 2 பைட் வேண்டுமாதலின், ஆங்கிலத்தில் 160 குறி ஏற்கும் குறுஞ்செய்தி தமிழில் 70 குறியோடு நின்றுவிடுகிறது.

இக்கணக்கு சிம் அட்டைக்கும் உரியது. 1991இல் மியூனிக் நகரில் உருவான அவ்வட்டை, சந்தாதாரரை அடையாளம் காட்டுவதோடு அமையாமல், நாளடைவில் சேவைப் பட்டியல்களையும் தன்னுள் தாங்கியது. கென்யாவில் 2007இல் தொடங்கிய எம்-பெசா பணச்சேவை, இணையமில்லா எளிய கைப்பேசியிலும் இவ்வகைப் பட்டியலாலேயே இயங்கிற்று. 2008இல் ஓபன் மொபைல் அலையன்ஸ் என்னும் அமைப்பு, அட்டையையே ஒரு சிறு இணைய வழங்கியாக்கும் தரநிலையை வகுத்தது. கைப்பேசியின் உலாவி அட்டையிலுள்ள பக்கத்தைத் திறக்கும். அதற்கு அலைவரிசை வேண்டா, கட்டணமும் இல்லை. ஆயினும் அதற்கேற்ற கைப்பேசிகள் பெருகவில்லை, செயலிகள் முந்திக்கொண்டன.

பட்டியலாயினும் பக்கமாயினும், பயன்படுத்துவோர் படிக்கும் மொழியில் இருந்ததா என்பதே நம் வினா. நம் வீட்டு நன்னி தமிழும், குர்ஆன் ஓதுமளவு அரபும் அறிந்தவர், ஆங்கிலம் அறியார். ஒருநாள் திரையில் தோன்றிய ஆங்கில வரிக்குச் ‘சரி’ என அழுத்திவிட்டார். கேளாத பாட்டுச் சேவைக்கு நாள்தோறும் பணம் கழிந்தது. இத்தகைய சேவைகளுக்கு இரண்டாம் முறையும் ஒப்புதல் பெறவேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2013இல் பணித்தது. நன்று. அவ்விரண்டாம் வினாவும் ஆங்கிலத்தில் வந்தால் நன்னி என் செய்வார்?

அட்டையில் தமிழுக்கு இடமில்லை என்பர். அவருடைய கைப்பேசியின் சொந்தப் பட்டியல் தமிழில்தான் இருந்தது. அட்டையின் பட்டியல் மட்டுமே ஆங்கிலம். எனவே எழுத்துரு இல்லை என்ற சமாதானமும் செல்லாது. இடத்தைப் பொறுத்தவரை, சிம் தரநிலையிலேயே வழியுண்டு. யூனிகோடில் தமிழ்த் தொகுதி 128 இடங்களுள் அடங்குகிறது. தொகுதியின் தொடக்கத்தை ஒருமுறை குறித்துவிட்டால், பின்வரும் குறி ஒவ்வொன்றுக்கும் ஒரு பைட் போதும். முன்குறிப்பு உட்பட, நேர்முறையில் 37 பைட் கொள்ளும் நம் ஊர்ப்பெயர் இம்முறையில் 21 பைட்டில் முடிந்துவிடும்.

நன்னியின் அட்டைப் பட்டியலில் இருந்தவை 6 வரிகள். ஒவ்வொன்றும் திருக்கழுக்குன்றம் அளவுக்கு நீண்டாலும் மொத்தம் 126 பைட். ஒரேயொரு குறுஞ்செய்தியின் கொள்ளளவு 140.