மூளைப் பயிற்சி ஆப்: கையில் கொடுக்கும் முன் கவனிங்க!

சாவியை எங்கே வச்சோம் என்று எல்லாரும்தான் தேடுகிறோம். ஆனால் உங்கள் வீட்டுப் பெரியவர் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறாரா? பழகிய கணக்கில் தடுமாறுகிறாரா? அன்றாட வேலைகளைத் தானே பார்த்துக்கொண்டாலும், வயதுக்கு மீறிய மறதி இருந்தால் அது ‘லேசான அறிவாற்றல் குறைபாடு’ ஆக இருக்கலாம். இது டிமென்ஷியா அல்ல. சிலருக்குப் பின்னாளில் அப்படி மாறலாம். சிலருக்கு அப்படியே நிற்கும். சிலருக்குச் சரியாகியும் விடும்.

உடனே மூளைப் பயிற்சி ஆப் ஒன்றை டவுன்லோடு செய்யத் தோணும். கொஞ்சம் பொறுங்க.

முதலில் டாக்டர்

வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு, காது கேளாமை, சில மாத்திரைகளின் பக்கவிளைவு ஆகியவற்றாலும் மறதி வரும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. ஆப்பை நம்பி மாதக்கணக்கில் தள்ளிப்போட்டால், அந்த வாய்ப்பு கைநழுவும். மருத்துவமனைக்குப் போகும்போது, சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் கையோடு எடுத்துப்போங்க.

ஆப் என்ன செய்யும்?

பயிற்சி செய்த விளையாட்டில் கை தேறும். அது மளிகைக் கணக்குக்கும் உதவும் என்பது நிச்சயமில்லை. இத்தகைய முதியவர்களுக்கு மூளைப் பயிற்சி தரலாம், ஆனால் அதற்கான ஆதாரம் வலுவாக இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டி. மறதியைத் தள்ளிப்போடும் என்று தவறாக விளம்பரம் செய்ததாக ‘லுமோசிட்டி’ ஆப் மீது அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் குற்றம்சாட்டியது. 2016 ஜனவரியில் 20 லட்சம் டாலர் கட்ட அந்த நிறுவனம் சம்மதித்தது.

பயன்படுத்தும்போது

• எழுத்து பெரிதாக, அவருக்குத் தெரிந்த மொழியில் இருக்கட்டும். முதல் சில நாள் கூட உட்காருங்க.
• சலிப்போ எரிச்சலோ வந்தால் நிறுத்திடுங்க. கட்டாயப்படுத்த வேண்டாம்.
• ‘இலவச டிரையல்’ முடிந்ததும் பணம் பிடிக்கப்படலாம். ஆட்டோ-பே போட்டிருக்கா என்று பாருங்க.
• காண்டாக்ட், லொகேஷன் அனுமதி கேட்டால் மறுத்துவிடுங்க.
• தினசரி நடை, ரத்த அழுத்தம், சர்க்கரைக் கட்டுப்பாடு ஆகியவற்றை ஆப்புக்காக விட்டுவிடாதீங்க.

முதியோருக்கான ஆலோசனை, உதவிக்கு 14567 என்ற கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம்.

ஸ்கோர் ஏறுகிறதா என்று மட்டும் பார்க்காதீங்க. மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறாரா, கடையில் மீதிச் சில்லறையைச் சரியாக வாங்குகிறாரா என்று பாருங்க. அதில் சறுக்கல் தெரிந்தால், ஸ்கோர் எவ்வளவு இருந்தாலும் மறுபடியும் டாக்டரிடம் அழைத்துப்போங்க.