கல்யாணத்துக்கு முன்னால் எந்தக் காகிதம் உதவும்?

மயிலாப்பூரில் குடும்ப வழக்குகள் நடத்துகிறேன். இப்போதெல்லாம் நிச்சயதார்த்தம் முடிந்த கையோடு பெற்றோர் வந்து கேட்கிறார்கள்: “மேடம், ஒரு ப்ரீனப் எழுதிக் குடுத்துடுங்க. நாளைக்குப் பிரிஞ்சா ஜீவனாம்சம் கேக்கக் கூடாது.” முத்திரைத்தாளில் எழுதிப் பதிவும் செய்துவிட்டால் அதை அசைக்க முடியாது என்று நம்புகிறார்கள். நான் எழுதித் தருவதில்லை.

இந்து திருமணச் சட்டத்தில் அப்படியோர் ஒப்பந்தத்துக்கு இடமே இல்லை. பொதுக்கொள்கைக்கு முரணான ஒப்பந்தம் செல்லாது என்கிறது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு. 8,000 ரூபாயை மொத்தமாக வாங்கிக்கொண்டு இனி எதுவும் கேட்கமாட்டேன் என்று வழக்கில் சமரசம் செய்துகொண்ட ஒரு மனைவி, பின்னர் ஜீவனாம்சம் கேட்டார். பழைய சமரசம் அதற்குத் தடையில்லை என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கோர்ட்டிலேயே பதிவான சமரசத்தின் கதி இது. கூடத்தில் உட்கார்ந்து வாங்கிய கையெழுத்து எம்மாத்திரம்? கோவாவில் போர்த்துகீசியர் காலச் சிவில் சட்டம் இத்தகைய ஒப்பந்தத்தை ஏற்கிறது. நம்மூர்க் கல்யாணத்துக்கு அது பொருந்தாது.

ஆனால் எது யாருடைய பொருள் என்று காட்டும் காகிதம் கோர்ட்டில் நிற்கும். அதைத்தான் யாரும் எழுதுவதில்லை.

முதலில் சீர்ப் பட்டியல். வரதட்சணைத் தடைச் சட்டத்தின் 1985 விதிகளே அதைக் கேட்கின்றன: என்ன பொருள், தோராய மதிப்பு, கொடுத்தவர் யார், என்ன உறவு, மணமக்கள் இருவர் கையெழுத்து. உஸ்மான் ரோட்டில் நகை எடுக்கும்போது பில்லைப் பெண் பெயரில் போடச் சொல்லுங்கள். அம்மாவின் பழைய நகையை மாற்றியிருந்தால் அதன் எடைச் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். அது தொலைந்து தவித்தவர்கள் நிறையப் பேர். லாக்கர் அவள் பெயரிலேயே இருக்கட்டும். 2003-ல் கல்யாணமான கேரளப் பெண் ஒருவரின் 89 பவுன், பாதுகாப்புக்கு என்று மாமியார் கைக்குப் போனது. சீதனம் தம்பதியின் பொதுச் சொத்தல்ல என்று சொல்லி, 25 லட்சம் ரூபாய் கொடுக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2024-ல்தான்.

அடுத்து ஃபிளாட். அடையாறில் வீடு வாங்கி இருவர் சம்பளத்திலும் இ.எம்.ஐ. போகும், கிரையப் பத்திரத்திலோ ஒரே பெயர். விவாகரத்தானால் சொத்து தானாகப் பாதி பாதி ஆகும் என்று எண்ணாதீர்கள். அப்படிச் சட்டம் இல்லை. இரண்டு பெயரையும் போடுங்கள், பங்கு எவ்வளவு என்பதையும் எழுதுங்கள். சவுதியில் வேலை பார்த்த கணவரின் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்தில், வீட்டைக் கவனித்த மனைவிக்கும் சம பங்கு உண்டு என்று 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது மனம் நிறைந்தது. ஆனால் அந்தத் தீர்ப்பு வந்தபோது கணவர் உயிரோடு இல்லை. அத்தனை காலம் காத்திருக்க எல்லோராலும் முடியாது. மகளுக்கென்று பெற்றோர் வாங்கும் வீடானால் அவள் ஒருத்தி பெயரில் செட்டில்மென்ட் எழுதுங்கள். பிள்ளையைப் பெற்றவர்கள் தங்கள் வீட்டைத் தங்கள் பெயரிலேயே வைத்து, உயில் எழுதிக்கொள்ளலாம். இதெல்லாம் யாரையும் சந்தேகப்படுவதல்ல.

ஏற்கெனவே ‘எதுவும் கேட்கமாட்டேன்’ என்று கையெழுத்துப் போட்டுவிட்ட பெண்கள் அந்தக் காகிதத்துக்குப் பயந்து சும்மா இருக்க வேண்டாம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு அங்கே வருமான வரம்பு கிடையாது. வழக்கறிஞரை இலவசமாகவே நியமிப்பார்கள்.