தேன்பெட்டிக்குள் ஒரு லாக்டவுன்

தேனீக்கும் வைரஸ் வரும். நம்மள மாதிரி இருமாது, தும்மாது, அவ்வளவுதான் வித்தியாசம். ஒரு பெட்டியில ஆரம்பிச்சா கொஞ்ச நாள்ல தோட்டமே காலியாகிடும். இது எங்கேயோ வெளிநாட்டுக் கதை இல்ல. 1991-92ல தென்னிந்தியாவுல வளர்ப்புத் தேனீக் கூட்டங்கள்ல 90 சதவீதத்துக்கும் மேல அழிஞ்சுபோச்சு. அதுல பெரிய அடி வாங்கின ஊர்கள்ல நம்ம மார்த்தாண்டமும் ஒண்ணு.

மார்த்தாண்டத்துல தேனீ வளர்ப்பு நேத்து வந்த தொழில் இல்ல. 1920கள்ல ஒய்.எம்.சி.ஏ. கிராம மேம்பாட்டுத் திட்டத்துக்காக ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் அங்க வேலை பார்த்தப்போ, விவசாயிகளுக்குப் பக்கத் தொழிலா இதைச் சொல்லிக் கொடுத்தார். 1937ல கூட்டுறவுச் சங்கமே ஆரம்பிச்சிட்டாங்க. ரப்பர் மரம் இலை உதிர்த்து, புதுத் தளிர் விடும்போது இலைக்காம்புல இனிப்பு நீர் சுரக்கும். பூவுலேர்ந்து இல்ல, இலையிலேர்ந்து! அந்தச் சீசனுக்காக ராத்திரியோட ராத்திரியா பெட்டிகளை வண்டியில ஏத்தி ரப்பர் தோட்டங்களுக்குக் கொண்டு போவாங்க. தேனுக்கு அது நல்ல வழி. வைரஸுக்கும் அதுவே நல்ல வழி.

நோயோட பேர் தாய் சாக்புரூட். (அம்மான்னு படிச்சிடாதீங்க, தாய்லாந்துல 1976ல முதல்ல கவனிக்கப்பட்டதால அந்தப் பேர்.) இது ஒரு ஆர்.என்.ஏ. வைரஸ், சுமார் 30 நானோமீட்டர் அளவு. தாக்குறது நம்ம நாட்டு இனமான அடுக்குத் தேனீயை. பெரிய தேனீயைக் கொல்றதில்ல, புழுவைத்தான் கொல்லும். புழு கூட்டுப்புழுவா மாறும்போது கடைசித் தோலை உரிக்கணும் இல்லையா? நோய் வந்த புழுவால அது முடியாது. உடம்புக்கும் தோலுக்கும் நடுவுல திரவம் சேர்ந்து, புழு ஒரு சின்னத் தண்ணிப் பை மாதிரி ஆகிடும். 'சாக்' என்ற பேரே அதனால வந்ததுதான். வெள்ளையா இருந்தது மஞ்சளாகி, பழுப்பாகி, கடைசியில காய்ஞ்சு, தலை மட்டும் தூக்கி நிக்கிற படகு மாதிரி அறைக்குள்ள கிடக்கும்.

அந்தப் பைக்குள்ள கோடிக்கணக்குல வைரஸ் இருக்கு. தேனீக்கள் சுத்தத்துல ரொம்பக் கறாரானவங்க, செத்த புழுவை உடனே இழுத்து வெளிய போடணும்னு நினைப்பாங்க. கடிச்சு இழுக்கும்போது பை கிழியும், திரவம் வாயில போகும். அப்படிச் சுத்தம் பண்றது பெரும்பாலும் இளம் தேனீக்கள். அதே வயசுத் தேனீக்கள்தான் தலையில இருக்கிற சுரப்பியிலேர்ந்து பால் மாதிரி உணவு சுரந்து புழுக்களுக்கு ஊட்டும். வைரஸ் நேரா அந்தச் சுரப்பிக்குப் போய் உட்காரும். ஆக, குப்பை அள்ளின கையாலேயே சோறு ஊட்டின மாதிரி. கூட்டத்தோட நல்ல குணத்தையே தன் ரூட்டா ஆக்கிக்கிட்ட வைரஸ் இது.

சரி, பெட்டியைத் திறந்தா எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஆரோக்கியமான அடையில மூடின அறைகள் நெருக்கமா, ஒரே பரப்பா இருக்கும். நோய் வந்த அடை, பல் விழுந்த சீப்பு மாதிரி அங்கங்க ஓட்டையா தெரியும். மூடியில சின்னத் துளை இருக்கும். சந்தேகமான புழுவை ஒரு குச்சியால மெதுவா தூக்கிப் பாருங்க. முழுசா, பை மாதிரி, உள்ள தண்ணியோட வந்தா சாக்புரூட். இத்தாலியத் தேனீக்கு வர்ற அமெரிக்கன் ஃபவுல்புரூட்ல அப்படி வராது. தீக்குச்சியை விட்டு இழுத்தா பழுப்பு நிறத்துல பசை மாதிரி நூல் நீளும். அது பாக்டீரியா, அதோட ஸ்போர் பல வருஷம் உயிரோட இருக்கும், அதனால பல நாடுகள்ல பெட்டியோட எரிச்சிடுவாங்க. ஐரோப்பியன் ஃபவுல்புரூட்னு இன்னொண்ணு, அதுவும் பாக்டீரியாதான். புழு பெரும்பாலும் அறை மூடுறதுக்கு முன்னாடியே முறுக்கிக்கிட்டுச் சாகும், பல நேரம் புளிச்ச வாடை வரும்.

இந்த வித்தியாசம் எதுக்கு முக்கியம்னா, பயத்துல நிறைய பேர் முதல்ல ஓடுறது ஆன்டிபயாட்டிக் தேடித்தான். வைரஸுக்கு அது ஒண்ணும் பண்ணாது. தேன்ல மருந்து மிச்சம் மட்டும் தங்கும், ஏற்றுமதிக்குப் போனா டெஸ்ட்ல மாட்டும். சாக்புரூட்டுக்கு இன்னைக்கு வரைக்கும் கடையில வாங்கி ஊத்துற மருந்து கிடையாது. சீனாவுல இரட்டை இழை ஆர்.என்.ஏ.வைச் சர்க்கரைப் பாகுல கலந்து கொடுத்து வைரஸோட மரபணுவை முடக்கிப் பார்த்திருக்காங்க. நல்ல ஆராய்ச்சி, ஆனா குமரி விவசாயி கைக்கு வர்ற நிலையில இல்ல.

அப்போ என்னதான் வழி? லாக்டவுன். நிஜமாவே அதேதான். வைரஸுக்கு வேண்டியது புழு. புழுவே இல்லாம ஒரு பத்து நாள் ஓட்டினா?

ராணியை ஒரு சின்னக் கூண்டுல அடைச்சு அதே பெட்டிக்குள்ள வைக்கணும். முட்டை நின்னுபோகும். கணக்கு போடுங்க. முட்டை பொரிய 3 நாள், புழுவா ஊட்டம் வாங்குறது சுமாரா 5 நாள், அப்புறம் அறை மூடிடும். அப்போ அடைச்ச எட்டாவது நாளுக்கு மேல ஊட்ட வேண்டிய புழு ஒண்ணுகூட இருக்காது. பதினஞ்சாவது நாள் ராணியைத் திறந்துவிட்டா, அடுத்த புழு வர்றது பதினெட்டாவது நாள். நடுவுல பத்து நாள் இடைவெளி. அந்தப் பத்து நாள்ல வைரஸ் சுமந்த ஊட்டுத் தேனீக்களுக்கு வயசாகி, வெளி வேலைக்குப் போயிடும். காய்ஞ்ச புழுவுல இருக்கிற வைரஸும் சில வாரங்கள்ல வீரியம் இழந்திடும். எஸ்.ஐ.ஆர். மாடல் படிச்சவங்களுக்குப் புரியும், இங்க நாம 'எஸ்'ஸைப் பூஜ்யம் ஆக்குறோம்.

ராணியைக் கொன்னுட்டாலும் முட்டை நிக்குமேன்னு கேட்கலாம். நிக்கும், ஆனா ராணி வாசனை இல்லாத அடுக்குத் தேனீக் கூட்டத்துல வேலைக்காரத் தேனீக்களே சீக்கிரம் முட்டை போட ஆரம்பிக்கும், அதுலேர்ந்து ஆண் தேனீ மட்டும்தான் வரும். கூட்டம் அப்படியே தேய்ஞ்சு போகும். மாத்துறதுக்கு நோய் தாங்கின கூட்டத்தோட ராணி கையில இருந்தா மட்டும் பழைய ராணியை எடுக்கிறது லாபம். இன்னொரு விஷயம், கூட்டம் ஏற்கெனவே ஒரு கைப்பிடி அளவுக்குச் சுருங்கிட்டா இந்த முறையும் காப்பாத்தாது. வேலைக்காரத் தேனீ சில வாரம்தான் வாழும், புதுசு பொரியாம அது தாங்காது.

கூண்டு வைக்கும்போதே நோய் அதிகமான அடைகளை எடுத்து எரிச்சிடணும். மிச்ச அடையைத் தேனீக்கள் நெருக்கமா மூடி நிக்கிற அளவுக்குக் குறைக்கணும். சர்க்கரைப் பாகு கொடுக்கணும், அதுவும் சாயங்காலம், ஒரு சொட்டு வெளிய சிந்தாம. சிந்தினா பக்கத்துப் பெட்டித் தேனீ கொள்ளையடிக்க வரும், வந்தது தேனோட வைரஸையும் எடுத்துக்கிட்டுப் போகும். வாசலையும் சின்னதாக்கிடணும். நோய்ப் பெட்டித் தேனை நாம சாப்பிடலாம், மனுஷனுக்கு இந்த வைரஸால ஒண்ணும் ஆகாது. இன்னொரு பெட்டித் தேனீக்கு மட்டும் ஊத்தக் கூடாது.

பெட்டிக்குப் பெட்டி நோயைக் கடத்துறதுல கொள்ளைத் தேனீயை விடப் பெரிய ஆள் ஒருத்தர் இருக்கார், வளர்க்கிறவர்தான். மெலிஞ்ச கூட்டத்துக்குப் பலமான கூட்டத்துலேர்ந்து ஒரு சட்டம் எடுத்துக் கொடுக்கிறது சாதாரண நாள்ல நல்ல பழக்கம். நோய் நேரத்துல அதை விடப் பெரிய தப்பு இல்ல. விளவங்கோடு பக்கம் பெட்டி வச்சிருக்கிற எங்க பெரியப்பா, நோய் சந்தேகம் வந்தா நல்ல பெட்டியெல்லாம் முதல்ல பார்த்துட்டு, சந்தேகப் பெட்டியைக் கடைசியாத்தான் திறப்பார். "மக்களே, ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு கல்யாண வீட்டுக்குப் போவியா?"ன்னு கேட்பார். கத்தி, கையுறை எல்லாம் சோப்புப் போட்டுக் கழுவுவார். காலிப் பெட்டியின் உள்பக்கத்தை நெருப்புல வாட்டி எடுப்பார். பெட்டியை வேற தோட்டத்துக்கு நகர்த்துறது சுத்தமா நிறுத்தம், ரப்பர் சீசனே ஆனாலும்.

அந்தக் கடைசி வரி சொல்றதுக்கு ஈஸி. ஜனவரியிலேர்ந்து மார்ச் வரைக்கும் கிடைக்கிற தேன்தான் பல குடும்பத்துக்கு அந்த வருஷ வருமானம். 'உன் பெட்டியை நகர்த்தாதே, பக்கத்து ஆளோட பெட்டி பிழைக்கும்'னு ஒருத்தர்கிட்ட சொல்றது, நஷ்டத்தை அவர் தலையில மட்டும் வைக்கிறது. நோய் பரவுற வருஷத்துல பெட்டியை நிறுத்தி வைக்கிறவங்களுக்கு ஒரு இழப்பீடு இருந்தா, மறைக்காம சொல்லுவாங்கன்னு எனக்குத் தோணுது.

91ல அழிஞ்சது எப்படித் திரும்ப வந்துச்சு? பெரும்பாலும் தேனீக்களே வந்தன. நோயைத் தாங்கின சில கூட்டங்கள் மிஞ்சின, காட்டுப் பொந்துகள்லயும் இருந்தன. அதைப் பிடிச்சு, பிரிச்சுப் பெருக்கினாங்க. நிறைய பேர் இந்த வைரஸ் அவ்வளவா பாதிக்காத இத்தாலியத் தேனீக்கு மாறினாங்க. அதுக்கு வர்ரோவா என்ற உண்ணி தனித் தலைவலி.

ஃபைனல் இயர்ல 'ஸ்மார்ட் தேன்பெட்டி' ப்ராஜெக்ட் யோசிக்கிறவங்களுக்கு ஒண்ணு. எடை சென்சாரும் வெப்பநிலை சென்சாரும் வச்சா சாக்புரூட் ஆரம்பத்துல தெரியாது. எடை குறையறப்போ நோய் முத்திப் போயிருக்கும். புழுப் பகுதி 33லிருந்து 35 டிகிரிக்குள்ளயே கடைசி வரை இருக்கப் பார்க்கும். அடையை போட்டோ எடுத்து, ஓட்டை அறைகளை எண்ணி, போன வாரத்தோட ஒப்பிட்டுச் சொல்ற ஒரு மொபைல் ஆப் பண்ணுங்க. சிக்னல் இல்லாத ரப்பர் தோட்டத்துலயும் ஓடணும், ஒரு கையில சட்டம் இருக்கும்போது இன்னொரு கையால அமுக்குற அளவுக்குப் பட்டன் பெருசா இருக்கணும்.