மருந்து வாங்கும்போது வாய் திறந்து கேளுங்கள்



செப்டெம்பர் 17ஆம் திகதி உலக நோயாளர் பாதுகாப்பு தினம். உலக சுகாதார ஸ்தாபனம் 2019இல் இதை ஆரம்பித்தது. வைத்தியத்தில் தவறு நேராமல் இருக்க டாக்டர், மிஸ்ஸி மட்டும் கவனமாக இருந்தால் போதாது. நோயாளியும் வாய் திறந்து பேச வேண்டும் என்பதே இதன் முக்கியமான பாடம்.

நம்ம பழக்கம் என்ன? வரிசையில் நின்று "காய்ச்சல் ஐயா" என்று ஒரே சொல்லில் முடிக்கிறோம். "வெளங்குச்சா?" என்று கேட்டால் தலையை ஆட்டுகிறோம். லயத்துக்கு வந்த பிறகு, "இதை எப்போ குடிக்கிறது?" என்று பக்கத்து வீட்டில் கேட்கிறோம். இதில்தான் ஆபத்து இருக்கிறது.

1. பெயர் இரண்டு, மருந்து ஒன்று

பிரஷர் உள்ள ஒரு அம்மாவை எடுத்துக்கொள்வோம். கிளினிக்கில் லோசாட்டன் குளிசை கொடுக்கிறார்கள். டவுனில் வேறொரு டாக்டரிடம் போகும்போது அதைச் சொல்லவில்லை. அவரும் பிரஷருக்கு மருந்து எழுதுகிறார். அட்டையில் வேறு பெயர், உள்ளே இருப்பதும் லோசாட்டன்தான். இரண்டையும் போட்டுக்கொண்டு கூடையோடு மலை ஏறினால் பிரஷர் இறங்கி தலை சுற்றும். சரிவில் விழுந்தால் என்ன ஆகும்?

ஆகவே எங்கே போனாலும் கிளினிக் கொப்பியையும், வீட்டில் உள்ள எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள். நாட்டு மருந்து குடித்தால் அதையும் மறைக்காதீர்கள்.

2. நாம் சொல்ல வேண்டியவை

• என்ன வருத்தம், எத்தனை நாளாக?
• முன்பு எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் உடம்பு தடித்ததா, மூச்சு முட்டியதா? அந்த மருந்தின் பெயரை கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.
• இப்போது குடிக்கும் மருந்துகள்.
• பெண்கள் என்றால், கர்ப்பமா, பால் கொடுக்கிறீர்களா?

பாஷை தெரியாது என்று பிள்ளையைக் கூட்டிப் போகிறோம். பெண்கள் வருத்தத்தை மகன் முன்னால் சொல்ல வெட்கப்பட்டு பாதியை விழுங்கிவிடுகிறோம். தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. "தமிழ் தெரிந்த மிஸ்ஸி யாராவது இருக்காங்களா?" என்று தயங்காமல் கேளுங்கள்.

3. நாம் கேட்க வேண்டியவை

இது எதற்கு? எப்போது, எத்தனை? எத்தனை நாளைக்கு? என்ன நடந்தால் திரும்பி வர வேண்டும்?

பதில் கிடைத்ததும் திருப்பிச் சொல்லுங்கள்: "அப்படின்னா காலையில ஒண்ணு, ராவைக்கு ஒண்ணு, சாப்பிட்ட பிறகு. சரிங்களா ஐயா?" பிழை இருந்தால் அங்கேயே திருத்துவார். அரை நிமிஷ வேலைதான்.

4. உறையை வாசிக்கப் பழகுவோம்

சில மருந்து உறைகளில் சிங்களத்தில் மட்டும் எழுதியிருக்கும். இந்தச் சொற்களைப் பாடமாக்கிக்கொள்ளுங்கள்:

உதே – காலை
தவல் – பகல்
ரே – இரவு
கேமட்ட பெர – சாப்பாட்டுக்கு முன்
கேமட்ட பசு – சாப்பாட்டுக்குப் பின்

வாசிக்கத் தெரியாதவர்கள் உறையில் சூரியன், நிலா படம் போட்டுத் தரச் சொல்லலாம்.

5. காய்ச்சல் என்றால் கவனம்

பெரசிட்டமோல் 500 மில்லிகிராம் குளிசை பெரியவர்களுக்கு 24 மணித்தியாலத்தில் 8க்கு மேல் கூடாது. மெலிந்த உடம்புக்கு இன்னும் குறைவு. கூடினால் ஈரல் கெடும். பல தடிமன் குளிசைகளிலும் இதே மருந்து இருப்பதால் இரண்டையும் சேர்த்துப் போடாதீர்கள்.

டெங்கு இருக்கலாம் என்பதால் காய்ச்சலுக்கு அஸ்பிரின், புருபன், டைக்குளோபெனிக் போன்ற மருந்துகளை நீங்களாக எடுக்காதீர்கள். இரத்தக் கசிவு கூடிவிடும். காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால், பேர் போகுதேன்னு பார்க்காமல் இரத்தம் சோதிக்கப் போங்கள்.

பிள்ளைகளின் பாணி மருந்தை சமையல் கரண்டியில் ஊற்றாதீர்கள். போத்தலோடு வரும் அளவு மூடியில் ஊற்றுங்கள், அல்லது அளவுக் கரண்டி கேட்டு வாங்குங்கள்.

மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, மயக்கம், வலிப்பு என்றால் லொறி தேடி நிற்காமல் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். பணம் வேண்டாம். தமிழிலும் பேசலாம். தோட்டத்தின் பெயர், டிவிஷன், லயம் மூன்றையும் சொல்லி, ரோட்டு முனையில் ஒருவரை நிறுத்துங்கள்.

வீட்டுப் பயிற்சி

1. உங்கள் வீட்டில் உள்ள மருந்துகளை எடுத்து, ஒவ்வொன்றும் யாருக்கு, எதற்கு என்று சொல்லிப் பாருங்கள். சொல்ல முடியாததை டிஸ்பென்சரியில் காட்டிக் கேளுங்கள்.
2. பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைக் கொண்டு, தாத்தா, பாட்டியின் மருந்துப் பெயர்களை ஒரு தாளில் எழுதி கொப்பியில் ஒட்டுங்கள்.

கேட்பதற்கு வெட்கப்பட்டு, வீட்டுக்கு வந்து வேதனைப்பட வேண்டாம். நம்ம உடம்பைப் பற்றி நாமதான் கேட்க வேண்டும்.