சர்வர் அறைக்குக் காய்ச்சல் பார்ப்பது எப்படி?



உப்பிலியபுரம் பக்கம் சின்ன வெங்காயம் போடுறவங்க யாரையாவது கேட்டுப் பாருங்க. பட்டறையில் வைத்த வெங்காயம் நல்லா இருக்கான்னு வெளியே நின்னுக்கிட்டே சொல்ல மாட்டாங்க. கையை உள்ளே விட்டுப் பார்ப்பாங்க. வெளியே காத்தாட இருக்கும். நடுவுல புழுங்கி அழுக ஆரம்பிச்சிருக்கும். டேட்டா சென்டரிலும் இதே கதைதான்.

நம்ம திருச்சி என்.ஐ.டி.யில் 2022 மே மாதம் 'பரம் பொருள்' சூப்பர் கம்ப்யூட்டர் தொடங்கப்பட்டது. வேகம் 838 டெராஃப்ளாப்ஸ். கம்ப்யூட்டர் இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியே வரும். அதனால் அங்கே திரவத்தை ஓடவிட்டு வெப்பத்தை எடுக்கிறார்கள். நம்ம கல்லூரி சர்வர் அறையில் இருப்பதோ ஒரு ஏ.சி.தான். அப்போ கண்காணிப்பு இன்னும் முக்கியம்.

எங்கே அளக்கணும்?

ஏ.சி.யில் தெரியும் 22 டிகிரியை நம்பாதீங்க. அது ஏ.சி. இருக்கும் இடத்துக் கணக்கு. சர்வர் முன்பக்கம் காற்றை இழுத்து, பின்பக்கம் சூடாக விடும். ஆஷ்ரே அமைப்பு பரிந்துரைக்கும் 18 முதல் 27 டிகிரி செல்சியஸ் என்பது சர்வருக்குள் நுழையும் காற்றுக்கானது. பின்பக்கச் சூடு ரேக்கின் மேல்வழியாகச் சுற்றி முன்பக்கம் வந்துவிடும். பெரும்பாலும் உச்சியில் இருக்கும் சர்வர்தான் முதலில் தவிக்கும். அதனால் ரேக்கின் முன்பக்கம் மேலே, நடுவே, கீழே என 3 சென்சார் வைங்க. டி.எச்.டி.22 போதும், ஈரப்பதத்தையும் சேர்த்துச் சொல்லும். ஈரம் மிஞ்சினால் குளிர்ந்த பரப்பில் நீர் கோக்கும். ரொம்பக் குறைந்தால் நிலைமின்சாரம் சேரும். ஒட்டுவதற்கு முன் மூன்றையும் ஒரே இடத்தில் ஒரு மணி நேரம் வைத்து, ஒரே அளவு காட்டுதான்னு பாருங்க.

மின்சாரக் கணக்கு

மொத்த மின்சாரத்தை, கம்ப்யூட்டர் கருவிகள் எடுக்கும் மின்சாரத்தால் வகுத்தால் பி.யூ.இ. கிடைக்கும். மொத்தம் 15 யூனிட், கருவிகளுக்கு 10 என்றால் 1.5. எண் 1-ஐ நெருங்க நெருங்க நல்லது என்பார்கள்.

இங்கேதான் ஒரு பொறி இருக்கு. ஏ.சி.யின் வெப்பநிலையை ஏற்றி வைக்கிறோம்னு வைங்க. ஏ.சி. செலவு 5-லிருந்து 4.6 ஆகிறது. ஆனால் சர்வருக்குள் இருக்கும் விசிறிகள் வேகமாகச் சுற்றி, கருவிகளின் கணக்கை 10.6 ஆக்குகின்றன. மொத்தம் 15.2. பி.யூ.இ. 1.43! எண் அழகாகிவிட்டது, கரண்ட் பில்லோ ஏறிவிட்டது. எனவே பி.யூ.இ.யோடு மொத்த யூனிட்டையும் தினமும் குறிச்சு வைங்க. மீட்டர் வயரிங்கை மட்டும் எலக்ட்ரீஷியனிடம் விடுங்க.

அலாரம் இல்லாத சென்சார் வீண்

2022 ஜூலை 19 அன்று லண்டனில் வெயில் 40 டிகிரியைத் தொட்டபோது, கூலிங் பழுதாகி கூகுள், ஆரக்கிள் டேட்டா சென்டர்களிலேயே சேவை தடைபட்டது. நமக்கு 40 டிகிரி என்பது சாதாரண மே மாத மதியம். ஞாயிற்றுக்கிழமை ஏ.சி. நின்றால் யாருக்குத் தெரியும்? உச்சி சென்சார் 27-ஐத் தாண்டியதும் இரண்டு பேர் போனுக்காவது செய்தி போகிற மாதிரி நிரல் எழுதுங்க.

இந்த செமஸ்டர் மினி புராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடுறீங்களா? உங்க துறை சர்வர் அறைச் சாவி யாரிடம் இருக்குன்னு முதலில் கேளுங்க!