பரிசுப் பணமும் அடையாள விவரங்களும்

பரிசு பெறுவோர் தம் அடையாளத்தை மெய்ப்பிக்க வேண்டும் என்பது முறையான பரிசுச் சீட்டுத் திட்டங்களில் உள்ள விதியாகும். நியாயமான இவ்விதியே ஏமாற்றுவோருக்கும் கருவியாகிவிடுகிறது. எனவே எந்த விவரத்தை, எவரிடம், எக்கட்டத்தில் அளிக்கலாம் என்பதைப் பொதுமக்கள் அறிந்திருத்தல் இன்றியமையாதது.

முறையான நடைமுறை

பரிசுச் சீட்டுகளை மாநில அரசுகள் நடத்துவதை 1998-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் நெறிப்படுத்துகிறது. இதனைத் தடை செய்யவும் மாநிலங்களுக்கு உரிமை உண்டு. தமிழ்நாடு 2003-இல் தடை செய்தது. கேரளத்தில் 1967-இல் இதற்கெனத் தனித் துறை தொடங்கப்பட்டது. அங்கு 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட பரிசு விழுந்தால், குலுக்கல் நடந்த 30 நாள்களுக்குள் சீட்டை வங்கி வாயிலாகவோ அரசின் பரிசுச் சீட்டு அலுவலகத்திலோ ஒப்படைக்க வேண்டும். சீட்டின் பின்புறம் பெயர், முகவரி, கையொப்பம் ஆகியவை இடம்பெற வேண்டும். புகைப்படமும் அடையாளச் சான்றின் நகலும் இணைக்கப்பட வேண்டும்.

இவை ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. கையொப்பமிட்ட சீட்டு தொலைந்தாலும் பிறர் அதற்கு உரிமை கோருவது கடினம். பணத்தைச் சேர்க்க வங்கிக் கணக்கு எண் தேவை. 10,000 ரூபாய்க்கு மேற்பட்ட பரிசில் 30 விழுக்காடு வருமான வரியாகப் பிடிக்கப்படுவதால் நிரந்தரக் கணக்கு எண்ணும் தேவைப்படுகிறது. இவ்வரி பரிசுத் தொகையிலிருந்தே கழிக்கப்படுகிறது என்பது குறிப்பிடத்தக்கது.

மாறிய வரிசை

மோசடியில் இவ்வரிசை தலைகீழாகிறது. சீட்டே வாங்காதவருக்குப் பரிசுச் செய்தி வருகிறது. முதலில் ஆதார் நகலும் வங்கி விவரமும் கேட்கப்படுகின்றன. அடுத்து வரி, சுங்கம், பரிமாற்றக் கட்டணம் என்ற பெயர்களில் முன்பணம் கோரப்படுகிறது. ரிசர்வ் வங்கியின் பெயரும் முத்திரையும்கூடப் போலியாகப் பயன்படுத்தப்படுகின்றன. அவ்வங்கி தனிநபர்களுக்குக் கணக்கு வைத்திருப்பதில்லை. மேலும், அந்நியச் செலாவணிச் சட்டத்தின்கீழ் வெளிநாட்டுப் பரிசுச் சீட்டுகளுக்குப் பணம் அனுப்புவது தடை செய்யப்பட்டுள்ளது.

இழப்பின் அளவு

அனுப்பிய பணத்தின் இழப்பு ஒருமுறையோடு நிற்கலாம். கைமாறிய அடையாள விவரமோ மீண்டும் மீண்டும் பயன்படக்கூடியது. அதனைக் கொண்டு பிறர் கடன் பெறவும், கணக்குத் தொடங்கவும், குற்றப் பணத்தை அக்கணக்கின் வழியே கடத்தவும் முயலலாம். விசாரணை என வரும்போது விடையளிக்க வேண்டியவர் ஆவணத்துக்கு உரியவரே.

கடைப்பிடிக்க வேண்டியவை

பணம் பெறுவதற்குக் கணக்கு எண் போதும். இரகசிய எண்ணோ, கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லோ அதற்கு ஒருபோதும் தேவையில்லை. ஆதார் நகல் அளிக்க நேரின், கடைசி 4 இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைப்பு வடிவத்தை ஏற்பார்களா எனக் கேட்கலாம். நகலின்மீது நோக்கத்தையும் தேதியையும் எழுதிக் கையொப்பமிடுவது நன்று. ஏமாற்றம் நேர்ந்துவிட்டால் உடனே வங்கிக்குத் தெரிவித்து, 1930 என்ற தேசிய உதவி எண்ணில் முறையிட வேண்டும். காலம் தாழ்த்தாத முறையீடே பணம் மேலும் கைமாறுவதைத் தடுக்க உதவும்.

வங்கிக் கிளைகளும் அஞ்சலகங்களும் ஊராட்சிகளும் இச்செய்தியை மக்களிடம் கொண்டு சேர்ப்பது காலத்தின் தேவையாகும்.